ஒரு முக்காற்புள்ளியின் பூட்டு

பின்கோடு வந்தது 1972-இல். 620006 என்றால் ஸ்ரீரங்கம். கடைசி இலக்கம் 5 ஆனால் அதே தீவிலேயே திருவானைக்கோவில். தபால் பிரிப்பவருக்கு அந்த ஒரு இலக்கம் போதும்.

யூனிக்ஸில் மின்னஞ்சலுக்கு இந்தப் பிரிக்கும் வேலையைச் செய்வது புரோக்மெயில். ஹோம் டைரக்டரியில் ஒரு குட்டி ஃபைல், அதில் விதிகள். ஒவ்வொன்றும் ‘:0’ என்று தொடங்கும். நட்சத்திரத்துக்குப் பின் நிபந்தனை, கீழே பெட்டியின் பெயர். மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும், பொருந்திய இடத்தில் போட்டுவிட்டு நின்றுவிடும். எதிலும் சேராதது வழக்கமான பெட்டிக்கு.

எனக்குப் பிடித்தது, பூஜ்யத்துக்குப் பின்னால் வைக்கும் இன்னொரு முக்காற்புள்ளி. ஒரு கடிதத்தை எழுதி முடிக்கும்வரை பெட்டிக்குப் பூட்டு. ஒரே நொடியில் இரண்டு வந்தாலும் ஒன்றோடொன்று கலக்காது. பார்க்க என்னவோ கிறுக்கல்தான்! புதிதாக அமைப்பவர்கள் ‘சீவ்’ என்ற வடிகட்டல் மொழியின் பக்கம் போகலாம். வாசிக்க அது சுலபம்.