தபுதாரன் எங்கே போனான்?

ஒரு நிலை நம்மிடையே இருந்தும் அதைச் சுட்டத் தனிச்சொல் இல்லையென்றால், மொழியியலார் அதைச் சொல்வெற்றிடம் என்கிறார்கள். வகுப்பில் இதை நடத்தும்போது மாணவிகளே எடுத்துக்காட்டும் சொல்லிவிடுவார்கள். கணவனை இழந்தவளுக்கு விதவை, கைம்பெண், அறுதலி, முண்டச்சி, அமங்கலி என்று எத்தனையோ சொற்கள். மனைவியை இழந்தவனை 'மனைவியை இழந்தவர்' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் வெற்றிடம் என்றதும், அங்கே என்றுமே எதுவும் இருந்ததில்லை என்று நம்பிவிடுகிறோம்.

இருந்தது. தொல்காப்பியப் புறத்திணையியல், காஞ்சித் திணையின் துறைகளில், காதலியை இழந்தவனுக்குத் தபுதார நிலையையும் காதலனை இழந்தவளுக்குத் தாபத நிலையையும் அடுத்தடுத்து வைக்கிறது. பார்வைக்குச் சமமான இணை. சொற்களைப் பிரித்தால் அப்படி இல்லை. தபுதல் என்றால் இறத்தல், தாரம் மனைவி. அவன் நிலையின் பெயர் அவளுக்கு நேர்ந்ததைச் சொல்கிறது. தாபதம் தவம். அவள் நிலையின் பெயரோ, அவள் இனி எப்படி உண்டு எப்படி உறங்க வேண்டும் என்று விதிக்கிறது.

புறநானூற்றின் 245ஆம் பாட்டில், மனைவியைச் சிதையில் இட்ட பின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணிச் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை புலம்புகிறான். தபுதார நிலைக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு எங்கே கிடைக்கும்? துறை வகுத்தவர்கள் கையறுநிலை என்றார்கள். வள்ளலை இழந்த புலவர்கள் பாடும் அதே துறை. அவன் துயரத்துக்கு மதிப்புத் தந்தார்கள், அவனுக்கு அடையாளம் குத்தவில்லை. மூன்று பாட்டுத் தள்ளி 248இல், அல்லி உண்டு நாள் கழிக்கும் பெண்ணுக்குத் தாபத நிலை தப்பாமல் வந்துவிடுகிறது.

தபுதாரனைத் தூசி தட்டிப் புழக்கத்தில் விட்டால் சமன் ஆகும் என்கிறாள் என் தோழி. எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தச் சொல் மறதியால் சாகவில்லை. அவனுக்கு உடை மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை, எதிரே வந்தால் சகுனம் கெடவில்லை. ஒதுக்கி வைக்க வேண்டியவர்களுக்குத்தானே பெயர் தேவைப்படுகிறது.

விதவையில் பொட்டில்லை, கைம்பெண்ணில் இரண்டு பொட்டு இருக்கிறது என்று மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பெரியம்மா தூணோரமாகவே நின்றிருந்தார். சித்தி இறந்து ஒரு வருடம்கூட ஆகாத சித்தப்பா மேடையேறி அட்சதை போட்டார். அவரை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார்கள்.