ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேமிங்: முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள்

மதுரையில் எந்தக் கடையில் கேமிங் பிசி விலை கேட்டாலும் நடுத்தரக் குடும்பத்துக்கு மலைப்பாகத்தான் இருக்கும். கைக்கு எட்டும் வழி ஒன்று உண்டு: ஐடி கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்துவிடும் ஆபீஸ் டெஸ்க்டாப். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என ரெஃபர்பிஷ்டு கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றில் ஆப்டிபிளெக்ஸ் 7060 டவர் ஒன்றை வாங்கி, கேம் ஓடும் அளவுக்கு மேம்படுத்திப் பார்த்தேன். இந்த வேலையில் எந்த கிராபிக்ஸ் கார்டு என்பதை முடிவு செய்வது பணம் மட்டுமல்ல. பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளையும்தான்.

எந்தப் பெட்டி?

7060 மாடல் 2018இல் வந்தது. இதிலுள்ள ஐ5-8500 பிராசஸருக்கு 6 கோர்கள். இன்றைக்கும் கேமுக்குப் போதும். இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. 6, 7ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. அவை மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒல்லியான எஸ்எஃப்எஃப் பெட்டி மேசையில் அழகாக இருக்கும், ஆனால் உயரம் குறைந்த கார்டு மட்டுமே அதில் நுழையும். டவரையே கேட்டு வாங்குங்கள்.

கார்டு

பக்கவாட்டு மூடியைத் திறந்ததும் பவர் சப்ளை லேபிளைப் படியுங்கள். என் பெட்டியில் 260 வாட். கார்டுக்குத் தனியாக மின்சாரம் தரும் 6 பின் ஒயர் கிடையாது. மதர்போர்டுக்குப் போகும் இணைப்பும் வழக்கமான 24 பின் அல்ல. அதனால் கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளையை அப்படியே மாட்ட முடியாது. மிஞ்சுவது மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட். அதற்குள் அடங்கும் கார்டுதான் நமக்கு.

நான் போட்டது 4ஜிபி ஜிடிஎக்ஸ் 1650, பழையது. இதே பெயரில் 6 பின் கேட்கும் கார்டுகளும் விற்பனையில் உண்டு. விளிம்பைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். புதிதாக வாங்க முடிந்தால் 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி இன்னும் நல்லது: 70 வாட், டிஎல்எஸ்எஸ் வசதியும் உண்டு. ஆர்எக்ஸ் 6400 இந்தப் பெட்டிக்கு ஒத்துவராது. பழைய பிசிஐஇ 3.0 ஸ்லாட்டில் அதன் வேகம் குறையும். கேமை ரெக்கார்ட் செய்ய உதவும் என்கோடரும் அதில் இல்லை.

மற்ற வேலைகள்

ஒற்றை 8ஜிபி ரேமுக்கு ஜோடியாக இன்னொரு 8ஜிபி போட்டதும் கேம் நடுவே வந்த திக்கல் குறைந்தது. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எம்.2 எஸ்எஸ்டி. பிராசஸர் மேலிருந்த ஹீட்சிங்கைக் கழற்றியபோது, தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காக உதிர்ந்தது. தகடுகளின் இடுக்கெல்லாம் தூசி. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இதை அப்படியே விடக்கூடாது. துடைத்துப் புதுப் பேஸ்ட் தடவியதும் ஃபேன் இரைச்சல் அடங்கியது.

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்ல, கார்டில் செருக வேண்டும். விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் தேவை. எஃப்2 அழுத்தி பயாஸில் சரிபாருங்கள். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்கும் வீடுகளில் யுபிஎஸ் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்த்ததில்

1080பியில் வேலரன்ட் 100 ஃபிரேமுக்கு மேல் சரளமாக ஓடுகிறது. ஜிடிஏ 5 நடுத்தர செட்டிங்கில் 60ஐ ஒட்டி நிற்கிறது. சைபர்பங்க் 2077 மட்டும் செட்டிங்கை அடிமட்டத்துக்கு இறக்கிய பிறகே ஆடும்படி இருந்தது. 4ஜிபி மெமரிக்கு அதுதான் எல்லை.

வாங்கலாமா?

படிப்பும் வேலரன்டும் ஒரே பெட்டியில் நடக்க வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். புதுப்புது பெரிய கேம்களை உயர்ந்த செட்டிங்கில் ஆட ஆசைப்படுபவர்கள் இதில் பணம் போடாமல், சாதாரண பவர் சப்ளை பொருந்தும் அசெம்பிள்டு பிசிக்குச் சேமிப்பதே நல்லது. எதுவானாலும் கடையிலேயே மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாட் எவ்வளவு, 6 பின் ஒயர் உண்டா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.