நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

ஒரு நாவலை விமரிசிக்க உட்காருகிறவன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ஆசிரியர் என்ன செய்ய எண்ணினார் என்பது. அடுத்த கேள்வி, எண்ணியதைச் செய்து முடித்தாரா என்பது. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. விமரிசகர்கள் பெரும்பாலும் அதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் புஸ்தகம் யார் கையில், எந்த இடத்தில் போய்ச் சேருகிறது என்பதுதான் அது. நல்ல புஸ்தகமாகவே இருக்கலாம்; சேரக்கூடாத இடத்தில் சேர்ந்துவிட்டால் கண்ணாடி அலமாரிக்கு அழகு செய்துகொண்டு காலம் தள்ள வேண்டியதுதான்.

இந்த மூன்று கேள்விகளையும் ஒரு மோட்டார் வண்டியிடம் கேட்டுப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. திருவண்ணாமலையில் குடியிருக்கிறவனுக்கு இப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஆள் உயரம் நிற்கிற, அகன்ற முகப்புள்ள, நாலு சக்கரத்திலும் இழுவை கொண்ட விலை உயர்ந்த வண்டிகள் சில வருஷங்களாக எங்கள் ஊர்த் தெருக்களில் பெருகி வருகின்றன. பௌர்ணமிக்கு வெளியூரிலிருந்து வருகிறவை சில. உள்ளூர்ச் செல்வர்கள் வாங்கி வாசலில் நிறுத்தியிருப்பவை சில. அந்த வண்டியைப் பற்றி நடுநிலையாக நாலு வார்த்தை சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் வண்டியின் பூர்வோத்தரம். 1947-ம் வருஷம், இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் எஞ்சினீயராக இருந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவர், வேல்ஸ் நாட்டு ஆங்கில்ஸி தீவில் தமக்கிருந்த பண்ணையில், யுத்தத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு காரியம் பார்த்துவந்தார். இது தேய்ந்துபோனால் அடுத்து என்ன செய்வது என்ற யோசனை அவருக்கு வந்தது. கடற்கரை மணலில் கோடு கிழித்துத் தம் அண்ணனுக்கு ஒரு வண்டியின் உருவத்தைக் காட்டினார் என்பார்கள். அந்த வண்டி 1948 ஏப்ரல் 30-ம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் என்ற பெயரோடு வெளிவந்தது. அன்று அந்த நாட்டில் இரும்புக்குப் பஞ்சம். ஆகவே உடம்பை அலுமினியத்தில் அடித்தார்கள். யுத்தத்தில் மிஞ்சிய பச்சை வர்ணம் மலிவாகக் கிடைத்தது, அதையே பூசினார்கள். குடியானவன் நிலத்தை உழவும், மூட்டை ஏற்றவும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகவும் ஒரே வண்டி. எழுதியவர் என்ன எண்ணினார் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

நம் நாட்டிலும் சுதந்திரத்தை ஒட்டிய அதே வருஷங்களில் மகீந்திரா கம்பெனியார் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினார்கள். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் வாசலில் நின்ற ஜீப்பை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் ஏறினால் இடுப்பெலும்பு கழன்றுவிடும். ஆனால் ஏரிக்கரை, வண்டிப்பாதை, ஆற்று மணல் எதுவும் அதற்கு அந்நியமில்லை.

1970-ல் ரேஞ்ச் ரோவர் வந்தபோதும் இந்த எளிமை முழுவதும் போய்விடவில்லை. அந்த முதல் வண்டியின் ஆசனங்களும் தரையும், சேறு படிந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடும்படி அமைந்திருந்தன. தொழில் வடிவமைப்புக்கு ஒரு மாதிரி என்று பாரிஸ் நகரத்து லூவர் கலைக்கூடத்தில்கூட அதைக் காட்சிக்கு வைத்தார்கள். அதற்குப் பின் வந்த பதிப்புகளில்தான் தோலும் மரமும் வெல்வெட்டுப்போன்ற கம்பளமும் ஏறின. கழுவுவதற்கென்று பிறந்த வண்டிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டிய காலம் வந்தது. 2008-ல் அந்தக் கம்பெனியை ஃபோர்டிடமிருந்து டாடாக்கள் வாங்கினார்கள் என்பது வாசகர்கள் அறிந்ததே.

இனி வண்டியின் வித்தை. காலேஜில் நான் படித்த கொஞ்சம் பௌதிகம் இதற்குப் போதும். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரமும் உள்பக்கத்துச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்காக இரண்டுக்கும் நடுவே டிபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியை வைத்தார்கள். நல்ல சாலையில் அது நல்ல மத்தியஸ்தன். சேற்றில் அதற்குப் புத்தி கெட்டுவிடும். ஒரு சக்கரம் பிடிப்பில்லாமல் வெறுமனே சுழன்றால், எஞ்சினின் வேகமெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். கெட்டியான தரையில் நிற்கும் மற்றச் சக்கரம் சும்மா இருக்கும். முன் சக்கரங்களுக்கும் இழுவை கொடுத்து, வேண்டும்போது டிபரன்ஷியலைப் பூட்டி, ஆமை வேகத்துக்கு ஒரு தனிக் கியரும் வைத்துவிட்டால், எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்கிறதோ அது வண்டியை நகர்த்திவிடும். இது மெச்ச வேண்டிய வித்தை. ஒருமுறை ஐப்பசி மழையில், ஜவ்வாது மலையில் ஒரு மண் பாதையில் இப்படிப்பட்ட வண்டியில் போயிருக்கிறேன். வேறு எந்த மோட்டாரும் தொடங்கிய இடத்திலேயே புதைந்திருக்கும். இது முனகிக்கொண்டே மேலே ஏறிவிட்டது.

ஆக, முதல் இரண்டு கேள்விகளில் வண்டி நன்றாகவே தேறிவிடுகிறது. உயரமாக உட்காருவதால் நெடுந்தூரம் சாலை தெரிகிறது; குண்டும் குழியும் உடம்பில் உறைப்பதில்லை; முழங்கால் ஆழத் தண்ணீரில் அஞ்சாமல் போகலாம். இவையெல்லாம் நிஜமான சௌகரியங்கள். காரில் போகிறவன் எல்லாம் ஆடம்பரக்காரன் என்று பேசுகிற பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் சிக்கல். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற மலைப்பாதையில் சர்க்கார் பஸ் தினமும் ஏறி இறங்குகிறது. அதற்கு நாலு சக்கர இழுவை கிடையாது. தார் போட்ட பாதைக்கு அது வேண்டியதும் இல்லை. மண் பாதைக்குத்தான் வேண்டும். விலை உயர்ந்த வண்டிக்காரர் மண் பாதைக்கு வருவாரா? ஒரு முள் கீறினால் பூச்சுக்கு என்ன செலவாகும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஐந்து மீட்டருக்கு மேல் நீளமும், கண்ணாடிகளை மடக்கினாலும் இரண்டு மீட்டர் அகலமும், இரண்டரை டன் கனமும் கொண்ட அந்த வண்டி பெரிய தெருவிலும் தேரடித் தெருவிலும்தான் உலாவுகிறது.

எங்கள் ஊர் மாட வீதிகள் பெரிய வாகனத்துக்குப் பழகியவைதாம். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்ச ரதங்களும் அங்கேதான் ஓடுகின்றன. ஆனால் தேர் வருஷத்தில் ஒரு நாள் வரும். ஊரே சேர்ந்து வடம் பிடிக்கும். சக்கரத்தின் முன்னால் யாரும் போகாதபடி ஆள் நின்று காக்கும். இந்த வண்டியோ தினமும் வருகிறது. எதிரே ஒரு மாட்டு வண்டியோ பூக்காரியின் கூடையோ இருந்தால் போதும், தெரு முழுவதும் ஸ்தம்பித்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய விஷயம் கிரிவலப் பாதை. பதினான்கு கிலோமீட்டரும் ஜனங்கள் வெறுங்காலோடு நடக்கிற பாதை அது. பௌர்ணமியன்று வாகனங்களைத் தடுத்துவிடுகிறார்கள். மற்ற நாட்களில் நடக்கிறவர்களும் வண்டிகளும் ஒரே பாதையில்தான். ஓரத்தில் சாதுக்கள் படுத்திருப்பார்கள். குழந்தைகள் கையை உதறிக்கொண்டு ஓடும். அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பணத்தில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் ஒன்று, பாதசாரிகள் மேல் வண்டி மோதிய ஏறக்குறைய 18,000 விபத்துக்களை ஆராய்ந்து 2023-ல் ஒரு முடிவு சொல்லிற்று. முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், 30 அங்குலத்துக்கு மேற்படாத, சரிந்த முகப்புள்ள வண்டி மோதுவதைவிட மரணம் நேர்வதற்கான வாய்ப்பு சுமார் 45 சதவிகிதம் அதிகம். தாழ்ந்த முகப்பு காலில் தட்டும். உயர்ந்த முகப்பு மார்பிலும் தலையிலும் தட்டும். 40 அங்குலம் என்பது நாலு வயதுக் குழந்தையின் உயரம். உயர உட்கார்ந்திருக்கும் சௌகரியம் தூரத்துச் சாலையைக் காட்டுகிறது. காலடியில் நிற்கும் குழந்தையை மறைத்துவிடுகிறது.

எனக்குப் பழக்கமான அரிசி மண்டிக்காரர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் கபடமில்லாத மனிதர்.

"சார், நான் மலைக்குப் போறதில்லை, வாஸ்தவம். ஆனா கல்யாணத்துக்குப் போனா மண்டபத்து வாசல்லயே மரியாதை தெரியுது. சின்ன வண்டியில போனா 'பின்னாடி கொண்டுபோய் விடுங்க'ன்றான். அது போகட்டும். நாளைக்கு எதிர்ல லாரி வந்து மோதினா, எம் பொண்டாட்டி பிள்ளைங்க பிழைக்கணும் இல்லையா?"

முதல் வாதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கௌரவத்துக்காகச் செலவு செய்வது மனிதனுக்கு இயல்பு. அவர் அதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். இரண்டாவது வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. கனமான வண்டி தன் உள்ளே இருப்பவர்களைக் காக்கும். அந்தக் கனத்தின் விலையை எதிரே வரும் சின்ன வண்டிக்காரனும் மொபெட்டில் போகிறவனும் கொடுக்கிறார்கள். மேலும் ஒரு சூட்சுமம் உண்டு. நாலு சக்கர இழுவை வண்டியைக் கிளப்புவதற்கு உதவுமே தவிர, நிறுத்துவதற்கு உதவாது. பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. மழையில் வழுக்காமல் கிளம்பிவிட்ட தைரியத்தில் வேகமாகப் போகிறவன், நிறுத்த வேண்டிய இடத்தில் மற்றவர்களைப் போலவே வழுக்குவான். கனத்தால் கொஞ்சம் அதிகமாகவே வழுக்கினாலும் வழுக்குவான்.

வெள்ளம் வந்தால் உதவும் என்பாரும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஜனங்களை மீட்க மீனவர்களின் படகுகள்தாம் தெருவுக்குள் வந்தன. 2024 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் பெய்த பேய் மழையில், தென்பெண்ணையின் மேல் அகரம்பள்ளிப்பட்டில் திறந்து மூன்று மாதமான பாலமே அடித்துக்கொண்டு போயிற்று. பாலம் போன இடத்தில் எத்தனை சக்கரம் இழுத்து என்ன?

செலவுக் கணக்கை விரிவாக எழுதத் தேவையில்லை. இப்படிப்பட்ட பெரிய வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் முதல் 40 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வாங்கியபின் செலவு தொடர்கதை. நாலு சக்கரமும் எப்போதும் சேர்ந்து இழுக்கிற வண்டியில் ஒரு டயர் கிழிந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. புதுசுக்கும் பழசுக்கும் சுற்றளவு வேறுபட்டால் பல்சக்கரங்கள் தேயும். வேண்டும்போது மட்டும் இழுவை சேர்க்கிற வண்டிகளில் வேறொரு வேடிக்கை. காய்ந்த தார் ரோட்டில் அதைச் சேர்த்து ஓட்டக்கூடாது. வருஷக்கணக்கில் சேர்க்காமலே இருந்தாலும் உள்ளே எண்ணெய் ஓடாமல் இறுகிப்போகும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவ்வப்போது நாலடி ஓட்டிக் காட்ட வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். தெருவில் முரட்டுத் தோற்றத்தோடு போகிற உயரமான வண்டிகள் பலவற்றில் நாலு சக்கர இழுவையே கிடையாது. அட்டையில் கத்தியும் ரத்தமும் வரைந்து, உள்ளே சாதாரணக் குடும்பக் கதையை வைத்து விற்கிற புஸ்தகங்களைப் போல.

இவ்வளவும் சில்லறைக் குறைகள். என் மனசை உறுத்துவது வேறு. 2023 மே மாதம், பக்கத்து வேலூர் மாவட்டத்தில், அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. சாலையில்லாத மலை; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் குழந்தை இறந்தது. உடலைத் திருப்பிக் கொண்டுபோன ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியாமல் வழியில் இறக்கிவிட்டது. பெற்றவள் அந்தச் சின்ன உடலைக் கையில் ஏந்திக்கொண்டு பல மைல் நடந்தாள். ஆங்கில்ஸி தீவின் மணலில் கோடு கிழித்தவர் எந்தப் பாதைக்காக அந்த வண்டியைக் கற்பனை செய்தாரோ, அந்தப் பாதை இங்கே இருக்கிறது. வண்டி மட்டும் கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கிறது.

மண்டிக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வண்டி வாங்காமல் இருந்தால் அல்லேரிக்குச் சாலை வந்துவிடாது. ஆனால் ஒரு சமூகம் தன் கெட்டிக்காரத்தனத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதைக் கவனிப்பது எழுத்தாளன் வேலை. ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாயில் டாடாக்களின் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28-ம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். ஜாகுவார் லாண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே உருவாகும் என்று அறிவித்தார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்பதில் எனக்கும் சந்தோஷம்தான். உலகத்தின் மிகக் கடினமான பாதைகளில் ஏறும் வண்டியைச் செய்கிற ஊரும், பாதையே இல்லாத மலையும் ஒரு நாள் பிரயாணத்துக்குள் இருக்கின்றன என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவாக, வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் அபிப்பிராயம் இது. மலையில் நிலம் இருக்கிறவரும், வேலையின் பொருட்டு மண் பாதையில் போகிறவரும் வாங்கட்டும். அவர்களுக்கும் தோல் ஆசனம் இல்லாத எளிய வண்டியே அதிகம் உழைக்கும். மற்றவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால், ஒரு வருஷம் தாங்கள் போன பாதைகளை ஒரு டைரியில் எழுதிப் பார்க்கட்டும். தார் இல்லாத பாதை அதில் எத்தனை நாள் வருகிறது என்று எண்ணினால் போதும். என் விமரிசனம்கூட அவர்களுக்குத் தேவைப்படாது. அதற்குப் பிறகும் வாங்கத்தான் ஆசை என்றால் வாங்கட்டும், பணம் அவர்களுடையது. தெரு மட்டும் எல்லாருடையது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கிரிவலப் பாதையில் மெதுவாக ஓட்டட்டும்.