குரலுக்கும் ஓர் இஸ்னாது

அரபு மொழிக்கு நாடக மரபு கிடையாது, முஸ்லிம்கள் மேடையை அறியாதவர்கள் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் ஒரு கூற்று. மேனாட்டு ஆய்வாளர் சிலர் கூறிய இதனை நம்மவருள்ளும் பலர் ஒரு பெருமையாகவே ஏற்றுக்கொண்டு விட்டனர். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெய்ரோவில் கண் மருத்துவராக வாழ்ந்த இப்னு தானியால் இயற்றிய நிழற்கூத்துகள் மூன்று இன்றும் நூலாகக் கிடைக்கின்றன என்ற ஒரு செய்தியே அதற்குப் போதிய விடை. ஆதலின் அவ்வழக்கை நீட்டிக்க நாம் விரும்பவில்லை. குரலைக் கொண்டு வாழும் தொழில் இன்று பெருகியிருக்கிறது. மேடை நடிகர், வானொலி நாடகக் கலைஞர், அயல்மொழிப் படங்களுக்கு டப்பிங் கொடுப்பவர், ஒலிநூல் வாசிப்பவர், கதைசொல்லி எனப் பல பெயர்களில் நம் பிள்ளைகளும் அத்தொழிலில் நுழைந்து வருகின்றனர். அவர்தம் கலையை எதனைக் கொண்டு அளப்பது என்பதே நம் கேள்வி. அதற்கான அளவுகோல் நம் கல்வி மரபிலேயே இருக்கிறது. எடுத்துப் பார்ப்பார்தாம் இல்லை.

ஹதீஸ் கலையைச் சிறிதேனும் ஓதியவர் அறிவர். அங்கு ஒரு செய்தி வந்தவுடன், அதனை யார் யாரிடம் கேட்டார் என்ற வினாவும் உடன் எழுகிறது. 'ஸமிஃது' என்றால் நானே செவியாரக் கேட்டேன் என்பது பொருள். 'ஹத்தஸனா' என்றால் அவர் எங்களுக்கு எடுத்துரைத்தார் என்பது. மாணவர் படிக்க ஆசிரியர் கேட்டிருந்தார் எனின் 'அக்பரனா' என்பது பலரது வழக்கு. ஒருவருடைய கையெழுத்துப் படி ஒன்று கிடைத்து அதிலிருந்து சொன்னால் அது 'விஜாதா'; அங்குக் 'கண்டேன்' என்று சொல்லலாமே தவிரக் 'கேட்டேன்' என்று சொல்ல இயலாது. நேரில் கேளாததைக் கேட்டது போலத் தோன்றச் சொல்வது 'தத்லீஸ்'. இல்லாததைக் கட்டிச் சொல்வது 'மவ்ளூஃ'. வாயும் செவியும் சந்திக்கும் இடத்தை இத்துணை நுட்பமாகப் பகுத்து வைத்த கலை, குரல் தொழிலைப் பற்றி ஒன்றும் கூறாது என்று நினைப்பது பேதைமை.

ஹரீரியின் மகாமாத்தை எடுத்துக்கொள்வோம். நம் மத்ரஸாக்களில் இந்நூலைப் பெரும்பாலும் ஓர் அகராதி போலவே ஓதிக் கொடுக்கிறோம். அருஞ்சொற்களைப் பொறுக்கி எடுத்தபின் கதை கீழே விழுந்து விடுகிறது. உண்மையில் ஐம்பது மகாமாக்களும் குரலை விற்று உண்ணும் ஒருவனின் வரலாறே ஆகும். ஸரூஜ் நகரத்து அபூ ஸைது ஊருக்கொரு வேடமும் அவைக்கொரு குரலும் கொள்கிறான். அவன் செய்ததை நமக்குச் சொல்பவர் ஹாரிஸ் இப்னு ஹம்மாம். ஒவ்வொரு மகாமாவும் 'ஹாரிஸ் எடுத்துரைத்தார்' என்ற தொடருடன், ஓர் இஸ்னாதைப் போலவே தொடங்குகிறது. முதல் மகாமாவில் ஸன்ஆ நகரில் அபூ ஸைது செய்யும் உபதேசம் கேட்டோரை உருக்குகிறது. அவர்கள் பொருளை வாரி வழங்குகின்றனர். ஹாரிஸ் பின்தொடர்ந்து சென்று பார்த்தால், குகைக்குள் வெண்மாவு ரொட்டியும் சுட்ட ஆட்டுக்குட்டியும் மதுக்கலயமுமாக அமர்ந்திருக்கிறான் உபதேசி! குரல் அத்தனையும் மெய், சொல்லும் மெய், சொன்னவனோடு அவற்றுக்குத் தொடர்பு மட்டும் இல்லை.

ஐம்பதாவது மகாமாவில்தான் கதை திரும்புகிறது. பஸராவின் பள்ளிவாசலில் அதே வித்தையைக் காட்ட வருகிறான் அவன். தன் பாவங்களைச் சொல்லித் தனக்காகத் துஆச் செய்யுமாறு கூட்டத்தை வேண்டுகிறான். அவர்கள் மெய்யாகவே கையேந்தி விடுகின்றனர். நடிப்பாகக் கேட்ட துஆ நடிகனைப் பற்றிக்கொள்கிறது. அவன் உண்மையான தவ்பாவுடன் ஊர் திரும்புகிறான். கேட்போர் சொல்வோனை மாற்றிவிட்ட இவ்விடத்தை விடச் சிறந்த நாடக இலக்கணம் ஒன்றை நாம் கண்டதில்லை.

இதே காரணம் பற்றித்தான் உலமாக்கள் கதைசொல்லிகளைக் கடிந்தனர். இப்னுல் ஜவ்ஸி (மறைவு ஹிஜ்ரி 597) கதைசொல்வோர் பற்றித் தனி நூலே எழுதினார். பின்னர் இமாம் ஸுயூத்தியும் அவர்தம் பொய்களை எச்சரித்து எழுதினார். இந்நூல்களைச் சுட்டி, கதைசொல்வதே ஆகாது என்று கூறுவோர், இப்னுல் ஜவ்ஸி அவர்களே பக்தாதில் பெருங்கூட்டங்களை உருக வைத்த சொல்வல்லார் என்பதை மறந்து விடுகின்றனர். அக்கூட்டங்களை நேரில் கண்டு வியந்து எழுதி வைத்திருக்கிறார் பயணி இப்னு ஜுபைர். இமாமின் சினம் பொய் இஸ்னாதின் மீதும் பொய் அழுகையின் மீதும் எழுந்தது. கதையின் மீது அவருக்கு வழக்கில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். திமிஷ்கு நகரின் உமையாப் பெரும்பள்ளிக்குப் பின்புறம் நவ்பரா என்ற காப்பிக்கடை உண்டு. அங்கு உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, அன்தராவின் கதையையும் ஸுல்தான் பைபர்ஸின் கதையையும் ஏட்டைப் பார்த்து வாசித்தும் நடித்தும் வந்தவர் அபூ ஷாதி என அழைக்கப்பட்ட ரஷீத் அல்ஹல்லாக். அரபில் இவ்வகைக் கதைசொல்லியை 'ஹகவாத்தி' என்பர். அவர் வாளை ஓங்கிப் பலகையில் அடிக்கும்போது கடையே அதிரும். கேட்போர் குறுக்கே பேசுவர். வீரன் பக்கம் சிலர், எதிரி பக்கம் சிலர். முற்காலத்தில், கதாநாயகனைச் சிறையில் விட்டுவிட்டு ஹகவாத்தி வீட்டுக்குப் போய்விட, உறக்கம் வராத ஒருவர் நள்ளிரவில் அவர் கதவைத் தட்டி, வீரனை விடுவித்த பின்பே ஓய்ந்தார் என்று ஒரு கதையும் சொல்வார்கள். 2011 இல் ஸிரியாவில் போர் மூண்டது. அபூ ஷாதி லெபனானுக்குப் பெயர்ந்து 2014 இல் அங்கேயே மறைந்தார். மொராக்கோவின் மர்ராகிஷ் நகரத்து ஜாமிஉல் ஃபனா சதுக்கத்தை 2001 இல் யுனெஸ்கோ மனித குலத்தின் வாய்மொழிச் செல்வமாக அறிவித்தது. அறிவிப்பு நன்றே. ஆயினும் அரபு அறியாத பயணிகள் படம் பிடித்துக் கொண்டு நகரும் கூட்டம், நள்ளிரவில் கதவைத் தட்டும் கூட்டமாகாது.

இக்காப்பிக்கடையையே மேடையில் ஏற்றியவர் ஸிரிய நாடகாசிரியர் ஸஅதுல்லாஹ் வன்னூஸ். அரபுலகிலிருந்து உலக நாடக நாள் செய்தி எழுத முதன்முதலாக, 1996 இல், அழைக்கப்பட்டவர் இவரே. 1997 இல் மறைந்தார். 'மம்லூக் ஜாபிரின் தலை' பற்றிய அவருடைய நாடகம் 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கடையில் அமர்ந்திருப்போர் வெற்றி வீரன் பைபர்ஸின் கதையைக் கேட்கின்றனர். ஹகவாத்தியோ, அதற்கு இன்னும் முறை வரவில்லை என்று மறுத்து, ஜாபிரின் கதையை எடுக்கிறார். பக்தாதில் கலீபாவுக்கும் வஸீருக்கும் பகை. நகர வாயில்கள் காவலில். அயல் அரசனுக்கு வஸீர் ஓலை அனுப்ப வேண்டும். அடிமையான ஜாபிர் தானே ஒரு தந்திரம் சொல்கிறான்: தன் தலையை மழித்து அதன் மீது எழுதிவிடலாம், மயிர் வளர்ந்ததும் வாயிலைக் கடந்துவிடலாம். விடுதலையும் பரிசும் கிடைக்கும் என்று மகிழ்ந்து செல்கிறான். போய்ச் சேர்ந்ததும் அவன் தலை வெட்டப்படுகிறது. செய்தி வெளியாகாதிருக்க, இதைக் கொணர்பவனைக் கொன்றுவிடுக என்பதும் அத்தலையிலேயே எழுதப்பட்டிருந்தது.

இந்நாடகத்தை அரசியல் உருவகமாகப் படிப்போரே மிகுதி. நகரம் எரிந்தால் நமக்கென்ன என்று வாளாவிருக்கும் குடிமக்களைச் சாடுவது என்பர். அது சரியே. ஆனால் நமக்கு அதனினும் உறைப்பது, தன் மேல் எழுதப்பட்டதைப் படிக்க இயலாமல் சுமந்து சென்ற தூதனின் நிலை. குரல் தொழிலில் இருப்போர் தாம் கையெழுத்திடும் ஒப்பந்தங்களை ஒருமுறை இந்நாடகத்தோடு சேர்த்துப் படிக்கட்டும். நாடகக் கலை என்ற அளவில் ஒரு குறையும் சொல்ல வேண்டும்: கடைக்காரர்களின் குறுக்குப் பேச்சையும் ஆசிரியரே எழுதி வைத்து விட்டார். உண்மையான கேட்போர் இருளில் வாய்மூடி அமர்ந்திருக்கின்றனர். ஹகவாத்தியை மேடையேற்றியபோது அவருடைய கூட்டத்தையும் நடிகர்களாக்க வேண்டி வந்தது என்பது இக்கால நாடகத்தின் வறுமை.

திரையில் ஒரு குரலைத் தராமல் விட்டதன் சிறப்பையும் இங்கே கூறுதல் தகும். ஹலபு நகரத்தவரான முஸ்தபா அக்காது 1976 இல் வெளியிட்ட 'அர்ரிஸாலா' படத்தில் பெருமானார் (ஸல்) அவர்களின் திருவுரு காட்டப்படவில்லை. அவர்களது குரலும் ஒலிக்கவில்லை. பிற பாத்திரங்கள் நம்மை நோக்கிப் பேசி, மௌனமாகச் செவிசாய்த்து, கேட்டதைத் தம் வாயால் திருப்பிச் சொல்கின்றன. படம் முழுவதும் ராவிகள் மட்டுமே இருக்கின்றனர்! தடையாகத் தோன்றிய ஒழுங்கு, நம் மரபின் ஆணிவேரான அறிவிப்பு முறையையே திரைக்குக் கொண்டு வந்து விட்டது. இன்னொன்றும் உண்டு. ஆங்கிலப் படத்துக்கு அரபுக் குரல் ஒட்டுவதோடு அக்காது அமையவில்லை. அரபு நடிகர்களைக் கொண்டு அதே காட்சிகளை மீண்டும் படமாக்கினார். ஹம்ஸா (ரலி) அவர்களின் பாத்திரத்தில் ஆங்கிலத்தில் ஆண்டனி குவின், அரபில் அப்துல்லாஹ் கைஸ். இரண்டையும் பார்த்தவர்கள், தாய்மொழியில் மூச்சு வாங்கும் நடிகருக்கும் உதட்டுக்கு ஏற்ப அளந்து பேசும் குரலுக்கும் உள்ள தொலைவை எளிதில் உணர்வர்.

அதனால் டப்பிங் இழிந்தது என்பதில்லை. 1970களின் இறுதியில் ஜப்பானியச் சித்திரத் தொடரான 'கிரண்டைஸர்' லெபனானில் தூய இலக்கண அரபில் குரல் பெற்றது. 1979 இல் குவைத்தில் தொடங்கிய 'இஃப்தஹ் யா ஸிம்ஸிம்' என்ற சிறுவர் நிகழ்ச்சியும் அம்மொழியிலேயே அமைந்தது. வீட்டில் ஒரு வழக்கும் ஏட்டில் ஒரு வழக்குமாக வாழும் அரபுச் சிறுவர், இலக்கண அரபும் விளையாட்டுக்கு உதவும் என்று கண்டனர். பின்னர் 2008 இல் துருக்கித் தொடரான 'நூர்' ஸிரியப் பேச்சு வழக்கில் வந்து வீடுதோறும் புகுந்தது. குடும்பக் கதைக்குப் பேச்சு வழக்கே இயல்பு என்பர். இலக்கண அரபை ஓதிக் கொடுப்போர் அதனை முழுதும் ஒப்ப மாட்டோம் என்றாலும், அந்நடிகர்களின் திறனை மறுப்பதற்கில்லை. டப்பிங் ஒருவகைத் தத்லீஸ்தான். ஆனால் பார்ப்போர் அறிந்தே இசையும் தத்லீஸ். அதற்கு உரிய ஈடு, குரல் தந்தவர் பெயரைச் சொல்வது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அப்பெயரைப் பல வேளைகளில் காண முடிவதில்லை. ராவியின் பெயரை விழுங்கிய அறிவிப்பை முஹத்திஸ்கள் எங்கு வைத்தார்கள் என்பது ஓதியவர்க்குத் தெரியும்.

இப்போது அதனினும் பெரிய வழக்கு வந்திருக்கிறது. ஒருவருடைய குரலின் பதிவுகளைக் கணினிக்குக் கற்பித்து, அவர் சொல்லாத சொல்லை அவர் குரலில் ஒலிக்கச் செய்கின்றனர். 2023 இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தில் இதுவும் ஒரு முதன்மையான பூசல். அடுத்த ஆண்டே கணினி விளையாட்டுகளுக்குக் குரல் கொடுப்போர் தனியே நிறுத்தம் தொடங்கினர். நம் வீட்டுக்குள்ளும் இது வந்துவிட்டது. 2024 இல் வெளியான 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடலில், 1997 இல் மறைந்த சாகுல் ஹமீதும் 2022 இல் மறைந்த பம்பா பாக்யாவும் பாடுகின்றனர். குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் தந்து செய்ததாக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரஹ்மான் வெளிப்படையாகவே அறிவித்தார்.

அறிவித்ததால் இது தத்லீஸ் ஆகாது. அதனை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் வாரிசுகள் தரும் இசைவு பொருளுக்குச் செல்லும், சொல்லுக்குச் செல்லுமா? சாகுல் ஹமீதின் பதிவுகள் நம்மிடம் இருக்கின்றன என்பது அவருடைய கையெழுத்துப் படி நம்மிடம் இருக்கிறது என்பதைப் போன்றது. அதிலிருந்து எடுத்தது விஜாதா. 'சாகுல் ஹமீது பாடினார்' என்று சொல்வதற்கு அது இடம் தராது. 'அவருடைய குரலிலிருந்து எடுத்தோம்' என்பதே நேர்மையான வாசகம். நாளை எவரேனும் இசைமுரசு நாகூர் ஹனீபாவின் குரலை இவ்வாறு எடுத்து, அவர் வாழ்நாளில் பாடாத ஒரு கொள்கையைப் பாட வைத்தால் நம்மில் எத்தனை பேர் பிரித்தறிவோம்? அடுத்த வீட்டில் ஒலித்தாலும் அவர் குரல் என்று அடையாளம் காணும் செவி நமக்கு உண்டு என்பதே அங்கு நம்மை ஏமாற்றப் போதுமானதாகி விடும். அதற்கு மவ்ளூஃ என்ற பெயரைத் தவிர வேறு பெயர் இல்லை.

இத்தனையும் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம் இளைஞர் சிலர் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஒலிநூலாக்க முனைந்து வருவதாக அறிகிறோம். 5027 விருத்தங்களையும் வாசித்து முடிப்பது எளிய பணியன்று, வாழ்த்துகிறோம். 1842 இல் அச்சேறும் வரை ஏட்டிலும் செவியிலுமே வாழ்ந்த காப்பியம் அது. ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒருவர் இசையோடு விருத்தம் படிக்க, மற்றொருவர் பொருள் விரிக்க, கூடியிருப்போர் ஸலவாத்துச் சொல்லிக் கேட்ட மரபு அதற்குண்டு. ஆகவே மூன்று சொல்வோம். படிப்பவர் பெயரும், யாரிடம் பாடம் கேட்டார் என்பதும், எந்தப் பதிப்பைப் படிக்கிறார் என்பதும் ஒவ்வொரு படலத்தின் தொடக்கத்திலும் அவர் வாயாலேயே வரட்டும். பிழைபட்ட அடியைக் கணினியைக் கொண்டு ஒட்டாமல், அவரே திரும்பப் படிக்கட்டும். பதிவுக் கூடத்தின் கண்ணாடிக்குப் பின் அவரைத் தனியே அடைக்காமல், சீறாக் கேட்டுப் பழகிய முதியவர் நால்வரையேனும் எதிரில் அமர்த்துங்கள். நடுவே அவர்களுள் ஒருவர், 'அந்த அடியை இன்னொரு முறை சொல்லுங்கள் தம்பி' என்று குறுக்கிட்டால், அதனை வெட்டாமல் பதிவிலேயே விட்டுவிடுங்கள்.