ஒரு மீட்டில் எத்தனை ஸ்வரம்?

பெங்களூரின் அல்சூரில் வீணை பழகும் தமிழ்ப் பிள்ளையின் காதில் இரண்டு பாணிகள் விழுகின்றன. ஒன்று, குடும்பத்தோடு வந்த தஞ்சாவூர்ப் பாணி: மீட்டு குறைவு, தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுக்கும் இழுப்பு அதிகம், குரலைப் போல இழைவதே குறிக்கோள். மற்றது, வைணிகர் சேஷண்ணா (1852–1926) வளர்த்த மைசூர்ப் பாணி: மீட்டுகள் நெருக்கமாக விழும், ஸ்வரங்கள் மெட்டிலேயே துலங்கும். பெங்களூர் வானொலியில் பணியாற்றிய துரைசாமி ஐயங்கார் (1920–1997) இந்த வழியின் பெரும் கலைஞர்.

இன்று இழைவுக்கே மதிப்பு அதிகம். அதற்கு நியாயம் உண்டு. தோடியின் காந்தாரத்தை அதன் மெட்டில் அசைவின்றி மீட்டினால் ராகம் எழாது. ரிஷப மெட்டில் மீட்டி, தந்தியை இழுத்து அசைத்தால்தான் அந்தக் காந்தாரம் உயிர் பெறும். வைணிகர் எஸ். பாலசந்தர் (1927–1990) ஒரே மீட்டில் ஸ்வரங்களை அடுக்கடுக்காக இழுத்தபோது, வீணையால் பாட முடியும் என்பதை ரசிகர்கள் காதாரக் கேட்டார்கள்.

குறைகளும் உண்டு. மீட்டிய கணத்திலிருந்தே வீணையின் நாதம் தேயத் தொடங்குகிறது. நீண்ட இழுப்பில் கடைசி ஸ்வரம் கேட்பது அரிது. வீணையில் ஒட்டும் காண்டாக்ட் மைக் அந்தத் தேய்வை மறைத்துவிட்டது; அதை நம்பி, தேவையில்லாத இடத்திலும் இழுக்கும் பழக்கம் வளர்ந்துவிட்டது. இழுப்பு இம்மி பிசகினாலும் சுருதி விலகும். கிருதி வாசிக்கும்போது இழப்பு இன்னும் பெரிது. சாகித்திய எழுத்துக்கு மீட்டு என்பது வீணையின் மரபு. பாட்டு தெரிந்தவர் சொற்களை மனத்தில் பின்தொடர்வது அந்த மீட்டுகளைப் பிடித்துக்கொண்டுதான். அவற்றை விழுங்கிவிட்டால் பதம் எங்கே பிரிகிறது என்பதே புலப்படாது.

ஆலாபனைக்குப் பின் வாசிக்கும் தானத்தில் மீட்டின் தேவை பட்டவர்த்தனம். தாளக்கட்டு இல்லாமலே தானத்துக்கு ஓட்டம் தருவது மீட்டின் வெட்டுதான். அங்கே வழவழவென்று இழைத்தால் தானம் ஆலாபனையாகக் கரைந்துவிடும்.

ஆகவே இழைவை மேன்மைக்கு அளவுகோலாக வைப்பது சரியல்ல. தோடிக்கும் சகானாவுக்கும் அது மூச்சு. தானத்துக்கும் விரைந்த கற்பனை ஸ்வரத்துக்கும் மீட்டே முதுகெலும்பு. எங்கே இழைப்பது, எங்கே வெட்டுவது என்று தெரிந்தவரே நல்ல வைணிகர்.

அல்சூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு பாணிகளும் கேட்கும் தூரத்திலேயே இருக்கின்றன. ஆசிரியர்கள் ஒன்றைக் காட்டி மற்றதைத் தாழ்த்தாமல், இரண்டையும் கேட்கச் சொல்லிக் கற்றுக்கொடுக்க வேண்டும்.