சுத்தமான ஃப்ரேம்

எங்கள் பக்கத்து நகரத்தில் ஒரு கேமரா கிளப் நடத்திய புகைப்படப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். தலைப்பு 'உழைப்பு'. 'நீங்க உழைக்கிற சனங்களப் பத்தி எழுதுறவங்க, அவசியம் வரணும் மேடம்' என்றார் செயலாளர். மற்ற நடுவர்கள் இருவரும் பல வருடம் கேமரா பிடித்தவர்கள். எடுத்தவர் பெயரை மறைத்து, எண்ணை மட்டும் போட்டுப் படத்தைத் திரையில் காட்டுவார்கள். மூவரும் தனித்தனியே பத்துக்கு மார்க் போடவேண்டும். நல்ல முறைதான். பேரைக் கேட்டதும் ஊரைக் கேட்டு, ஊரைக் கேட்டதும் தெருவைக் கேட்டு ஆளை எடைபோடும் நாட்டில் இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மூன்று படங்களைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன்.

முதல் படம் நடவு. பின்னாலிருந்து எடுத்தது. வரிசையாகக் குனிந்த பெண்கள், சேற்றுத் தண்ணீரில் சேலை நிறங்களின் நிழல். கிளப் இலக்கணப்படி கோடு, நிறம், சமநிலை எதிலும் குறையில்லை. 'ஒரு முகங்கூடத் திரும்பல பாருங்க, பேட்டர்ன் கெடல' என்று ரசித்தார் ஒரு நடுவர். முப்பது வருசம் நடவு நட்டவள் என் அம்மா. நடவுக்காரிகள் வாய் மூடி நடுவதில்லை. பாட்டு, கேலி, ஏச்சு, கூலிக்காக வரப்பில் நிற்பவனோடு சண்டை எல்லாம் உண்டு. இந்தப் படத்தில் வரப்பும் இல்லை, வரப்பில் நிற்பவனும் இல்லை. முதுகுகள் மட்டும் இருக்கின்றன.

இரண்டாவது படம் கறுப்பு வெள்ளை. சாக்கடைக் குழிக்குள்ளிருந்து மார்பளவு வெளியே வந்த ஒரு இளைஞன். தோலின் கறுப்பைக் கம்ப்யூட்டரில் இன்னும் ஏற்றி, தார் பூசினாற்போல ஆக்கியிருந்தார்கள். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து எடுத்ததால் பின்னாலிருந்த தெரு கரைந்துபோய்விட்டது. கடைப் பலகையில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. வலது ஓரத்தில் மட்டும் பாலிஷ் போட்ட ஒரு ஷூவின் முனை. 'பிரமாதமான படம். அந்த ஷூவ மட்டும் கட் பண்ணியிருந்தா ஃப்ரேம் சுத்தமா இருந்திருக்கும்' என்றார் மற்றொருவர்.

சுத்தம். இந்தச் சொல் நமக்குப் புதுசா? டீக்கடையில் தனிக்குவளை வைத்தவனும் சுத்தம் என்றுதான் காரணம் சொன்னான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைச் சாக்கடைக் குழிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கியவன் மேலே நிற்கிறான். அந்த ஷூ அவனுடையதாக இருக்கலாம். வேடிக்கை பார்த்தவனுடையதாகவும் இருக்கலாம். எப்படியானாலும் குழிக்கு வெளியே ஓர் ஊர் இருக்கிறது என்பதற்குப் படத்தில் மிஞ்சிய ஒரே சாட்சி அதுதான். அதையும் வெட்டிவிட்டால் அந்த இளைஞன் தானாகவே குழிக்குள் முளைத்தவன் ஆகிவிடுவான்.

'அந்த ஷூ இருக்கட்டும் சார். இதுல உண்மையப் பேசுறது அது ஒண்ணுதான்' என்றேன். 'மேடம், நாம போட்டோவுக்குத்தான் மார்க் போடுறோம், பிரச்சினைக்கு இல்ல' என்றார். நானும் போட்டோவைப் பற்றித்தான் பேசினேன். எதைத் துல்லியமாக வைப்பது, எதை மங்கலாக்குவது, எங்கே வெட்டுவது என்பதெல்லாம் எதைக் காட்டுவது, யாரை மறைப்பது என்கிற தீர்மானங்கள். அதில் அரசியல் இல்லை என்பவர்கள் தங்கள் அரசியலைக் கேமராவின் தலையில் கட்டுகிறார்கள்.

இது இன்றைக்கு வந்த வழக்கம் அல்ல. வெள்ளை அரசாங்கம் 1868இலிருந்து 1875 வரை 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிப் புகைப்பட நூல் போட்டது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் மூக்கையும் மண்டையையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றின் கீழே சாதியின் பெயர்தான் உண்டு, ஆளின் பெயர் கிடையாது. இன்றைய கிளப் படங்களின் கீழே சாதிப் பெயருக்குப் பதிலாக 'வியர்வை', 'வறுமை', 'சுருக்கங்கள்' என்று இருக்கிறது. ஆளின் பெயர் இன்னும் வரவில்லை.

மூன்றாவது படத்தில் அது வந்திருந்தது. ஒரு துப்புரவுப் பணியாளர் தன் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து நேராக நம்மைப் பார்க்கிறார். நல்ல சேலை, தலையில் பூ. பின்சுவரில் கோட்டுப் போட்ட அம்பேத்கர். படத்தின் கண்ணாடியில் ஃபிளாஷ் தெறிக்கிறது, கால்விரல்கள் வெட்டுப்பட்டுள்ளன. குறைகள்தான். அதற்கு நானும் மார்க் குறைத்தேன். தலைப்பு, அவருடைய பெயரும் '22 வருட வேலை, இன்னும் தற்காலிகம்' என்பதும். கேட்டுத்தான் பெயர் போட்டதாக விண்ணப்பத்தில் குறிப்பு இருந்தது. இங்கே எழுத நான் அவரைக் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

'போஸ் குடுக்குறாங்க, இயல்பா இல்ல, உழைப்பு எங்க இருக்கு?' என்று கேட்டார்கள். நாம் குனிந்திருந்தால் இயல்பு, நிமிர்ந்து உட்கார்ந்தால் போஸ்! நம் வீட்டுச் சுவர்களில் அம்பேத்கர் கோட்டும் டையுமாக ஏன் நிற்கிறார் என்று தெரிந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். தன்னை எப்படிப் பார்க்கவேண்டும் என்று தானே முடிவுசெய்து உட்கார்வதும் ஓர் உழைப்புதான்.

வேறு மாதிரியும் எடுக்க முடியும். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த மதுரைக்காரர் பழனிகுமார், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடிப்போய்ப் படமெடுத்தார். ஜெய்சிங் நாகேஸ்வரன் 2020 ஊரடங்கில் வாடிப்பட்டியில் தன் சொந்த வீட்டாரையே எடுத்தார். இவர்கள் படங்களில் இருப்பவர்கள் யாரோ அல்லர்.

முதல் பரிசு குழிப் படத்துக்குப் போனது. எண்ணை எடுத்துவிட்டு, எடுத்தவர் பெயரை அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். குழிக்குள் இருந்தவருக்கு ஒரு எண்கூட இல்லை. கேமரா, லென்ஸ், ஷட்டர் வேகம் எல்லாவற்றுக்கும் விண்ணப்பத்தில் கட்டம் இருக்கிறது, படத்தில் இருப்பவரின் பெயருக்கும் சம்மதத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறைக்கச் சொன்னால் மறைக்கட்டும், ஆனால் கேட்கட்டும்.

பரிசுப் படங்களை அச்சிட்டிருந்த மலரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா நடவுப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

'யாரு எவருன்னே தெரியலயே. இது எந்த ஊரு வயலு? கூலியாவது ஒழுங்காக் குடுத்தானா?'