காதால் தேர்ந்தெடுக்க வேண்டிய கணினி

கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தமிழ்ப் பாடல்கள் இன்று படுக்கையறைகளில் பிறக்கின்றன. தாமான் ஒன்றில் வரிசை வீடு, அதில் மூன்றாவது அறை. ஒரு பக்கம் துணி அலமாரி, எதிரே மேசை. மேசைமேல் ஒரு கணினி, சிறிய கீபோர்டு, ஒரு மைக். அந்த அறையிலிருந்து கிளம்பிய பாட்டு மின்னல் எஃப்எம்மிலும் ராகாவிலும் ஒலிக்கலாம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஏதோ ஒரு கடை வாசலிலும் ஒலிக்கலாம்.

இதற்கு ஒரு பரம்பரை உண்டு. 1998இல் பொயட்டிக் அம்மோ குழு தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. அந்தக் குழுவிலிருந்த யோகி பி, பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடும் சேர்ந்து 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா இசையமைத்த ‘மடை திறந்து’ அதில் புது நடையோடு வந்தது. சென்னையிலிருந்து பாட்டு வந்து இறங்கிக்கொண்டே இருந்த ஊரிலிருந்து ஒரு பாட்டு சென்னைக்குப் போய் அங்கே பேசப்பட்டது. நம் பிள்ளைகளின் காதுக்கு அது கொடுத்த துணிச்சலை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். வீட்டோடு ஒட்டிய அறையில் கணினியை வைத்து இசை செய்வதும் தமிழுக்குப் புதிதல்ல. 1992இல் ‘ரோஜா’ வெளிவரும் முன்பே ரஹ்மான் தம் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ரெக்கார்ட் இன் கூடத்தை அமைத்துவிட்டார்.

ஆகவே “அண்ணே, பாட்டு செய்ய எந்தக் கணினி வாங்கலாம்?” என்று ஒரு தம்பி கேட்டால், அதைச் சாமான் வாங்கும் கேள்வியாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அவன் தன் முதல் வாத்தியத்தை வாங்கப் போகிறான். வீணை வாங்கப் போகிறவர் குடத்தைத் தட்டிக் கேட்பார், தந்தியை மீட்டிக் கேட்பார். விலைச்சீட்டைப் படித்துவிட்டு எடுத்துவர மாட்டார். கணினிக்கும் அந்த மரியாதை வேண்டும். அதை எண்களால் அல்ல, காதாலும் கையாலும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறினால் சற்று நேரத்தில் புக்கிட் பிந்தாங். அங்கே லோயாட் பிளாசாவின் மாடிகளில் ஏறி இறங்குவது எனக்குப் பிடித்த காரியம். ஒவ்வொரு கடையும் எண்களை அடுக்கி வைத்திருக்கும்: இத்தனை கோர், இத்தனை கிகாஹெர்ட்ஸ், இத்தனை ஜிபி. பல வண்ணத்தில் ஒளிரும் விசிறிகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் இசைக்கு வேண்டிய இரண்டு குணங்கள் அந்தச் சீட்டில் இருக்காது. ஒன்று, தட்டிய கைக்கு உடனே பதில் சொல்லும் குணம். மற்றது, மௌனம்.

முதலில் கையைப் பார்ப்போம். காற்றில் ஒலி ஒரு மீட்டர் தூரம் போக ஏறக்குறைய 3 மில்லிவினாடி ஆகும். கச்சேரி மேடையில் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் நடுவே 2 மீட்டர் இடைவெளி என்றால், ஒருவர் ஒலி மற்றவர் காதுக்கு 6 மில்லிவினாடி கழித்தே சேர்கிறது. அதற்குப் பழகியவர்கள்தாம் நம் கலைஞர்கள். கணினி ஒலியைக் கட்டுக்கட்டாக வாங்கி, கட்டுக்கட்டாக வெளியே அனுப்புகிறது. இந்தக் கட்டைத்தான் பஃபர் என்கிறோம். ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், 128 மாதிரி கொண்ட கட்டு 2.9 மில்லிவினாடி நீளம். 256 என்றால் 5.8. 1,024 என்று வைத்தால் 23. உள்ளே வரும்போது ஒரு கட்டு, வெளியே போகும்போது இன்னொரு கட்டு, அதோடு மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இண்டர்ஃபேஸின் சொந்தத் தாமதமும் சேரும்.

இந்தச் சின்ன எண்கள் தாளத்தில் எப்படி உறைக்கும் என்று பாருங்கள். நிமிடத்துக்கு 160 அடி என்ற வேகத்தில் ஓர் அடியை நான்காகப் பிரித்தால், ஒரு பிரிவு ஏறக்குறைய 94 மில்லிவினாடி. அங்கே 23 மில்லிவினாடி தாமதம் என்பது அந்தப் பிரிவில் கால் பங்கு. பேடில் தட்டுகிறவனின் விரல் ஓரிடத்தில், ஓசை இன்னோரிடத்தில். தைப்பூசத்தில் பத்துமலைப் படியடியில் உறுமி மேளத்தின் நடுவே நின்று வளர்ந்த கைக்கு அது ஒரு கணமும் பொறுக்காது. அவன் தன்னை அறியாமல் முந்தித் தட்டத் தொடங்குவான். பாட்டின் நடையே குலைந்துபோகும். பாடுகிறவருக்குத் தொல்லை வேறு விதம். தன் குரல் எலும்பு வழியாக உடனே கேட்கிறது, ஹெட்ஃபோன் வழியாகச் சற்றுத் தாமதமாகக் கேட்கிறது. சில மில்லிவினாடி வித்தியாசத்திலேயே இரண்டும் ஒன்றையொன்று தின்று, குரல் உள்ளே குடைந்தாற்போல் ஒலிக்கும். பாடகி “என் குரல் என் குரலாக இல்லையே” என்பாள். அவள் சொல்வது சரி.

பஃபரைச் சின்னதாக வைத்தும் சொடுக்கோ கரகரப்போ இல்லாமல் ஓடுகிற இயந்திரமே நல்ல இயந்திரம். இதற்கு வேகம் மட்டும் போதாது, தவறாமையும் வேண்டும். 128 என்று வைத்தால் ஒவ்வொரு 2.9 மில்லிவினாடிக்கும் செயலி தன் வேலை முழுவதையும் முடித்துக் கொடுக்க வேண்டும். ஆயிரம் தடவை சீக்கிரமாக முடித்து ஒரே ஒரு தடவை பிந்தினாலும், அந்த ஒரு தடவை பதிவில் ‘டிக்’ என்று விழும். அதனால்தான் விளையாட்டுக்கென்று செய்த விலையுயர்ந்த மடிக்கணினி சில சமயம் கரகரக்கிறது. அடக்கமான அலுவலகக் கணினி அமைதியாக ஓடுகிறது. வைஃபை டிரைவரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ இடையில் புகுந்து செயலியைச் சற்றே பிடித்து வைத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். விண்டோஸ் என்றால் இண்டர்ஃபேஸ் செய்த நிறுவனமே எழுதிய அஸியோ டிரைவர் கட்டாயம் வேண்டும். ஸ்டைன்பெர்க் நிறுவனம் அந்த முறையை 1997இல் கொண்டுவந்ததே இந்தத் தாமதத்தை வெல்லத்தான். மேக்கில் கோர் ஆடியோ என்ற ஏற்பாடு இயங்குதளத்தோடேயே வருகிறது.

கோர்களின் எண்ணிக்கையிலும் ஏமாறக் கூடாது. ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்ட, ஒலியை மெருகேற்றும் பிளகின்கள் வரிசையில்தான் இயங்க முடியும். அந்த வரிசையை ஒரு கோரே இழுத்தாக வேண்டும். பன்னிரண்டு மந்தமான கோர்களைவிட ஆறு சுறுசுறுப்பான கோர்கள் பல நேரம் மேல்.

இனி மௌனம். இந்தப் பள்ளத்தாக்கின் வெயிலில் இது தனி அத்தியாயம். குரல் பதியும்போது ஏர்கோனை நிறுத்துகிறோம், காத்தாடியை நிறுத்துகிறோம், சன்னலைச் சாத்துகிறோம். அறை வெந்து போகிறது. நாம் வியர்க்கும் அதே நேரத்தில் கணினிக்கும் சூடு ஏறுகிறது. அதன் விசிறி சுழன்று கூவத் தொடங்குகிறது. பாடகி மெல்லிய இடத்துக்கு இறங்கும்போதுதான் அது உச்சத்தில் இருக்கும். குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் அளந்து “இரைச்சல் குறைவு” என்று அட்டையில் அச்சடித்தது நம் தாமானுக்குச் செல்லாது.

2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏரை நான் இந்த ஒரு காரணத்துக்காகவே நெஞ்சார மெச்சுவேன். அதில் விசிறியே இல்லை. நீண்ட கனமான வேலையில் சூட்டால் வேகம் சற்றுக் குறையும், ஆனாலும் வாய் திறக்காது. மைக்குக்கு ஒரு முழம் தள்ளி அதை வைத்து ஆலாபனை பதியலாம். ரேமைப் பிறகு கூட்ட முடியாது என்பதுதான் அதன் குறை. வாங்கும்போதே 16 ஜிபி எடுத்துவிட வேண்டும். மேசைக் கணினி கட்டுவதானால் வேறு வழி இருக்கிறது. பெரிய, 140 மில்லிமீட்டர் விசிறிகளை மெதுவாகச் சுழல விடலாம். செயலியோடு வரும் சிறு விசிறியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிய குளிர்விப்பான் வைக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம். காசும் மிச்சம், ஒரு விசிறியும் மிச்சம். பெட்டியை அறைக்கு வெளியே வைப்பவர்களும் உண்டு; யூஎஸ்பி 2 கம்பி 5 மீட்டர் வரை தாராளமாகப் போகும், அது ஒரு சுவரைத் தாண்டப் போதும்.

“எல்லா வாத்தியமும் முன்பே பதிந்த சாம்பிளாகக் கிடைக்கிறதே, மைக் வைத்துப் பதிய என்ன இருக்கிறது?” என்பவர்கள் உறுமியை நினைத்துப் பார்க்கட்டும். வளைந்த குச்சி தோலை உரசி எழுப்பும் அந்த உறுமல் ஒரு சுரத்தில் நிற்பதில்லை; அழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கி வழுக்கிக்கொண்டே போகும். பதினாறு கட்டங்களில் சாம்பிளை நிரப்பினால் உறுமியின் அடி கிடைக்கும், அதன் பேச்சு கிடைக்காது. நாதஸ்வரத்தின் கமகமும் அப்படித்தான். கீபோர்டில் வாசிப்பதைக் கணினிக்குச் சொல்லும் மிடியின் பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள் இருக்கின்றன, நுணுக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு சக்கரத்தை உருட்டி அந்த மூச்சை எழுதுவது எளிதல்ல. கலைஞரை அழைத்துவந்து உட்கார வைத்துப் பதிவதே மேல். அப்போது கணினியின் மௌனம் எவ்வளவு பெரிய செல்வம் என்று தெரியும்.

மௌனத்துக்கு இன்னொரு எதிரி சுவரிலிருந்து வருகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கம்பிகளின் எர்த் சரியில்லாத அறையில் அது ரீங்காரமாக ஒலிப்பதிவில் ஏறும். சுருதி ஞானம் உள்ளவர்கள் கவனித்திருக்கலாம்: அந்த ரீங்காரம் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, ஐந்தரைக்குக் கீழே நிற்கிறது. ஐந்து கட்டையில் பாடும் பெண்குரலுக்கு அடியில் இப்படி ஒரு கோணல் தம்பூரா ஓடினால் பாட்டு எப்படித் தங்கும்? மடிக்கணினியின் பெரிய நன்மை இங்கே இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிந்தால் பல நேரம் ரீங்காரம் அறுந்துவிடும். பிற்பகல் இடிக்கும் இதுவே காப்பு. உலகில் இடிமின்னல் மிகுந்த இடங்களில் நம் பள்ளத்தாக்கும் ஒன்று. வானம் கறுத்ததும் எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, மடிக்கணினியில் வேலையைத் தொடரலாம். மேசைக் கணினிக்காரர்கள் ஒரு யூபிஎஸ்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

கணினியைக் காதால் தேர்ந்தெடுப்பதைப் பிரிக்பீல்ட்ஸில் வெகு பேர் எனக்கு முன்பே கற்றவர்கள். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. நடைபாதையில் கைத்தடிக்கு வழி சொல்லும் மேடுகள் பதித்த பேட்டை அது. அதே பேட்டையில், 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் எழுந்த டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் பிள்ளைகள் இசையும் நடனமும் பயில்கிறார்கள். பார்வையற்ற இசைக்கலைஞர் கணினி வாங்கும்போது திரையின் அளவும் வண்ணமும் கணக்கிலேயே வராது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் குரல்தான் அவருக்குத் திரை. மேக்கில் வாய்ஸ்ஓவர் என்று அது உள்ளேயே இருக்கிறது. லாஜிக் என்ற இசை மென்பொருளை அதைக்கொண்டு இயக்கலாம். விண்டோஸில் என்விடிஏ இலவசம். ரீப்பர் மென்பொருளுக்கு ஒசாரா என்ற இலவச இணைப்பைச் சேர்த்தால் தடங்களைச் சாவிகளாலேயே வெட்டி ஒட்டிச் சமன்செய்து முடிக்கலாம். இவர்களுக்கு எண்பலகையோடு கூடிய முழு விசைப்பலகை தேவை. மேல்வரிசைச் சாவிகள் தொடுதிரையாக இல்லாமல் உண்மையாக அழுந்த வேண்டும். ஒலி கரகரத்தால் மற்றவர்களுக்குப் பாட்டு கெடும். இவர்களுக்கு வழியே மறைந்துவிடும். ஒரு கணினி இசைக்கு உகந்ததா என்று தெரிய வேண்டுமானால், இவர்களில் ஒருவர் எதை வைத்து வேலை செய்கிறார் என்று கேட்பதைவிட நல்ல விமரிசனம் எனக்குத் தெரியாது.

மற்றவை சுருக்கம். ரேம் 16 ஜிபி போதும். வயலின் கூட்டம், கோரஸ் என்று பெரிய சாம்பிள் தொகுதிகள் ஏற்றுகிறவருக்கு 32. வட்டு எஸ்எஸ்டியாக இருக்கட்டும். 48,000 மாதிரி, 24 பிட் கணக்கில் ஒரு மோனோ தடம் நிமிடத்துக்கு 8.6 எம்பிதான், இருபது தடத்தோடு ஐந்து நிமிடப் பாட்டு ஒரு ஜிபிக்குள் அடங்கும். இடத்தைத் தின்பது பதிவு அல்ல, சாம்பிள்கள். மேக்கா விண்டோஸா என்ற சண்டையில், கையில் எந்த மென்பொருள் பழகியிருக்கிறதோ அதன் பக்கம் போங்கள். லாஜிக் மேக்கில் ஓடும், விண்டோஸில் ஓடாது. எஃப்எல் ஸ்டுடியோ, க்யூபேஸ், ஏபிள்டன், ரீப்பர் எல்லாம் இரண்டிலும் ஓடும். எஃப்எல் ஸ்டுடியோவை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் புதுப்பதிப்புகள் ஆயுளுக்கும் இலவசம். முதல் சம்பளத்தில் வாங்குகிறவனுக்கு அது சின்ன விஷயமல்ல.

கையில் வெள்ளி குறைவென்றால் பழைய கணினி வாங்கத் தயங்காதீர்கள். மிச்சப் பணம் நல்ல மைக்குக்கும் ஹெட்ஃபோனுக்கும் போகட்டும். விண்டோஸ் இயந்திரமானால் ரீப்பரை ஒரு தம்டிரைவில் ஏற்றிக்கொண்டு போகலாம், நிறுவாமலே அதிலிருந்து ஓடும். உங்கள் இண்டர்ஃபேஸையும் ஹெட்ஃபோனையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் சொல்லி இண்டர்ஃபேஸின் டிரைவரை ஏற்றுங்கள். ஏர்கோன் இல்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். பஃபரை 128இல் வையுங்கள், வைஃபையை அணைக்காமல் விடுங்கள், உங்கள் பாட்டுகளிலேயே தடம் அதிகமுள்ள பாட்டைத் திறந்து ஓட விடுங்கள். முதலில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு விசிறியைக் கேளுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு சொடுக்குக்கூட விழாமல், விசிறியும் குரலை உயர்த்தாமல் இருந்தால் விலை பேசத் தொடங்கலாம்.